வாத்தியார் தலைக்குப் பத்து பவுண்டு

கான்வென்ட்டில் எல்.கே.ஜி. சீட்டுக்காக எம்.எல்.ஏ. லெட்டரில் ஆரம்பித்து, பங்குச்சாமியார், மதர் சுப்பீரியர், கடைசியில் பிஷப் ஹவுஸ் டிரைவரின் மச்சான் வரை ஒருவரையும் விடாமல் பிடித்துப் பார்த்த பெற்றோர் நம் ஊரில் ஏராளம். இந்தச் சிபாரிசுப் பரம்பரைக்கு ஒரு மூதாதையைத் தேடினால், அயர்லாந்தின் கார்க் நகரத்து ஏழை ஒருவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. காலம், 1750களின் நடுப்பகுதி. பிள்ளைக்கு இடம் கேட்டு அவர் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கதவைத் தட்டினார். அதில் ஒரு குடும்பமே கிடுகிடுத்துப்போனது.

அந்தக் கிடுகிடுப்பு புரிய வேண்டுமானால் அன்றைய சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1695இல் அயர்லாந்தை ஆண்ட பிராட்டஸ்டன்ட் சீமான்கள், கத்தோலிக்கர் யாரும் பள்ளிக்கூடம் நடத்தக் கூடாது என்று விதித்தார்கள். மீறினால் 20 பவுண்டு அபராதம், மூன்று மாதம் உள்ளே. சரி, பிள்ளையைக் கப்பலேற்றிப் பிரான்சில் படிக்க வைக்கலாம் என்றால் அதற்கும் தடை. அதே வருஷம் இன்னொரு சட்டம்: கத்தோலிக்கர் 5 பவுண்டுக்கு மேல் விலைபோகும் குதிரை வைத்துக்கொள்ளக் கூடாது. படித்தவனையும் பிடிக்க முடியாது, நல்ல குதிரையில் ஏறியவனையும் பிடிக்க முடியாது என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

1709இல் போட்டுக்கொடுப்பவர்களுக்குச் சன்மானப் பட்டியலே வெளியிட்டார்கள். பிஷப்பைக் காட்டிக்கொடுத்தால் 50 பவுண்டு. சாமியார் என்றால் 20. பள்ளிக்கூட வாத்தியார் வெறும் 10. எந்த நாடாக இருந்தால் என்ன, எந்த நூற்றாண்டாக இருந்தால் என்ன, சம்பளப் பட்டியலில் வாத்தியாருக்குக் கடைசி வரிதான்.

ஆனாலும் ஜனங்கள் படிப்பை விடவில்லை. கிராமங்களில் வேலி மறைவிலும் மாட்டுக் கொட்டகையிலும் பாடம் நடந்தது. ஒரு பையன் காவலுக்கு நிற்பான், சிப்பாய் தலை தெரிந்தால் குரல் கொடுப்பான், வகுப்பு கலைந்துவிடும். காசில்லாத வீட்டுப் பிள்ளை ஃபீஸுக்குப் பதிலாக அடுப்பெரிக்கும் முற்றா நிலக்கரிக் கட்டியையோ வெண்ணெயையோ கொண்டுவரும்.

இந்தச் சூழ்நிலையில்தான் நானோ நேகிள் வருகிறார். 1718இல் பிறந்தவர், வசதியான குடும்பம். சட்டத்தை மீறிப் பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். பாரிஸில் நடன விருந்துகளில் சுற்றியதாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் கார்க் திரும்பி, வேலைக்காரப் பெண்ணைத் தூது விட்டு ஒரு குடிசையைப் பிடித்து, ஒரு ஆசிரியையை வைத்து, 30 ஏழைப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிட்டார். விஷயம் அவருடைய ஆன்ம குருவுக்கு மட்டும் தெரியும். வீட்டில் மூச்சு விடவில்லை. நானோ கோயிலில் ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வீடு நினைத்துக்கொண்டிருந்தது. நம் வீடுகளில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போவோம். அந்த அம்மாள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சேதி கசிந்து அந்த ஏழையின் காதுக்கு எட்டியது. அவர் நேரே நானோவின் தம்பி ஜோசப் நேகிளிடம் வந்து, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி என் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சினார். தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே வந்து மனைவியிடமும் அக்காவிடமும், வாசலில் ஒரு பைத்தியம் வந்திருக்கிறது, அக்காவை வாத்தியாரம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று அக்கா உண்மையைச் சொன்னார். சிரிப்பு அங்கேயே நின்றது. அப்புறம் நடந்தது வசவு. இதனால் குடும்பத்துக்கு என்னென்ன கேடு வரும் என்று தம்பி ஒவ்வொன்றாக அடுக்கினார். இவ்வளவையும் 1769இல் தோழிக்கு எழுதிய கடிதத்தில் நானோவே விவரித்திருக்கிறார்.

தம்பியைவிட அவர் அதிகம் பயந்தது தகப்பனாருடன் பிறந்த வக்கீல் நேகிளுக்கு. காரணம் இரண்டு. நாட்டிலேயே பிராட்டஸ்டன்ட்டுகளுக்கு அதிகம் பிடிக்காத கத்தோலிக்கர் அவர். பள்ளி விவகாரம் வெடித்தால் முதலில் அவர் தலைதான் உருளும். இரண்டாவது, சொத்து. அவர் மனசு வைத்தால்தான் கைக்கு வரும். அர்ச்சிஷ்டராகப் போகிறவர்களுக்கும் உயில் பற்றிய கவலை உண்டு என்பதை நானோ கடிதத்தில் ஒளிக்கவேயில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். வக்கீல் கோபப்படவில்லை. கொஞ்ச நாளில் குடும்பமே பணம் கொடுக்க ஆரம்பித்தது. ஒன்பதே மாதத்தில் பிள்ளைகள் எண்ணிக்கை சுமார் 200. ஊரின் மறுகோடிக்காரர்கள், எங்கள் பக்கமும் ஒன்று திறங்கள் என்று வந்து நின்றார்கள். 20 பவுண்டு அபராதச் சட்டம் அப்போதும் அமலில்தான் இருந்தது.

பள்ளிகள் பெருகியதும், நிரந்தரமாக நடத்தக் கன்னியர்கள் வேண்டும் என்று தம் பணத்தில் மடம் கட்டி, 1771இல் உர்சுலைன் சபைக் கன்னியரை வரவழைத்தார். வந்தார்கள். ஆனால் மடத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்பது அவர்கள் சபை விதி. மடத்துக்குள் நடந்த பள்ளியோ பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்களுக்கானது. ஏழைக்கென்று கட்டினால் பணக்காரப் பிள்ளை வந்து உட்கார்ந்துகொள்ளும் அதிசயம் அன்றே நடந்திருக்கிறது. நானோ சலிக்காமல் 1775 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சொந்தமாகவே ஒரு சபை ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு பிரசன்டேஷன் சபை ஆனது.

அந்தச் சபைக் கன்னியர்கள் 1842இல் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் ஆரம்பித்த வேலை பெருகி, 1909இல் சர்ச் பார்க் கான்வென்ட் வந்தது. ஜெயலலிதா படித்தது அங்கேதான். கார்க் குடிசையில் 30 ஏழைப் பிள்ளைகளோடு ஆரம்பித்த கதை ஒரு முதலமைச்சர் வரைக்கும் நீண்டிருக்கிறது.

அயர்லாந்தில் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? சட்டமும் போயிற்று, ஆட்சியும் போயிற்று. தொடக்கப் பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது கத்தோலிக்கத் திருச்சபை கைக்கு வந்தது. சீட்டுக்கு அடிதடி உள்ள பள்ளிகளில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைக்கு முன்னுரிமை. விளைவாக, கல்யாணத்துக்குப் பிறகு கோயில் வாசல் மிதிக்காத அப்பா அம்மாக்கள்கூட, பிள்ளை தலையில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஓடினார்கள். பங்குச்சாமியார்களுக்கும் விஷயம் தெரியும். ஆனாலும் ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது?

கடைசியில் 2018இல் பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. இடம் போதாத கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி இனிமேல் மதத்தைப் பார்த்துப் பிள்ளையைச் சேர்க்கக் கூடாது. சிறுபான்மை மதத்தார் பள்ளிகளுக்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. தங்கள் மதத்துப் பிள்ளைக்கு அவை முதலிடம் கொடுக்கலாம். அந்தப் பாவப்பட்ட சிறுபான்மையில் முக்கியமானவர்கள் பிராட்டஸ்டன்ட்டுகள். வக்கீல் நேகிள் இருந்திருந்தால் அவர்களுக்கும் வக்காலத்துப் போட்டிருப்பார், ஃபீஸ் மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டு.