நடைக்குழுவில் நடையின் இடம்: ஒரு கள ஆய்வு

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துவிடுவது மரபு. விடியற்காலையில் ஒன்றுகூடி நடப்பவர்களே நடைக்குழுவினர் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இவ்வரையறையில் ‘நடப்பவர்கள்’ என்ற சொல் இடறுகிறது. சென்னை மெரினாவில், காந்தி சிலையடியில், காலை ஐந்தரைக்குக் கூடும் எண்மர் குழு ஒன்றில் ஈராண்டுகள் உறுப்பினராக இருந்து, தூக்கத்தைத் தியாகம் செய்து திரட்டிய சான்றுகளைக் கொண்டு அந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இடத்திலிருந்து தொடங்குவோம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட அந்தச் சிலையில் காந்தி கைத்தடியோடு அடியெடுத்து வைத்த நிலையில் இருக்கிறார். எங்கள் கூட்டத்தில் ஒரு நாளும் நடையை நிறுத்தாதவர் அவர் ஒருவரே. 1930-இல் அவர் தண்டிக்கும், ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கும் தத்தம் குழுக்களோடு நடந்தார்கள். அவர்கள் உப்புக்காக நடந்தார்கள்; நாங்கள் உப்பால் நடக்கிறோம். எண்மரில் அறுவருக்கு பிபி.

இனி இலக்கணம். மெரினா நிலத்தால் நெய்தல், ஐயமில்லை. ஆனால் நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. நாங்கள் கூடுவதோ வைகறை. அது மருதத்தின் பொழுது. ஆகவே இது திணைமயக்கம்; தொல்காப்பியர் அதை விலக்கவில்லை என்பதால் குழு பிழைத்தது. கருப்பொருள்களாவன: உணவு, அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும்; விலங்கு, எங்களைவிட ஒழுங்காகத் தினமும் வரும் தெருநாய்; பறை, ஒருவர் சட்டைப்பையிலிருந்து ஒலிக்கும் சுப்ரபாதம். உரிப்பொருளில்தான் மயக்கம் முற்றுகிறது. நடக்கும்வரை இரங்கல்: சுகர் ரிப்போர்ட், மருமகள், அமெரிக்காவிலிருந்து அழைக்காத மகன். நடை முடிந்து டிபனுக்கு உட்கார்ந்ததும் ஊடல்.

இந்த ஊடல் தனியே ஆராயத் தக்கது. அகத்திணை ஊடலுக்குக் காரணம் பரத்தை, இங்கே பில். யார் கொடுப்பது என்பதல்ல சண்டை, யாரைக் கொடுக்க விடுவது என்பதே. “நேத்து நீங்க குடுத்தாச்சு சார்”, “அது காபிக்கு சார், பொங்கலுக்கு இல்ல” என்று ஒருவர் கையை ஒருவர் மடக்கும் வேகம், அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எவரிடமும் தென்படாதது. ஒருமுறை பர்ஸ் ஒன்று சாம்பாரில் விழுந்தபின் விதி இயற்றப்பட்டது: வாரத்தில் அதிக அடிகள் நடந்தவருக்கே ஞாயிற்றுக்கிழமை பில் கொடுக்கும் உரிமை. போனில் உள்ள கணக்கே இறுதியானது.

அடி எண்ணிக்கை பற்றி ஒரு சிறு விலகல். நாளுக்குப் பத்தாயிரம் என்பதை எங்கள் குழு வேதவாக்காகக் கொண்டிருந்தது. அதன் பிறப்பிடம் ஜப்பான். 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸை அடுத்து, 1965-இல் அங்கே ஒரு நிறுவனம் விற்ற அடியெண்ணும் கருவிக்கு ‘மன்போ-கெய்’ என்று பெயர்; பத்தாயிர அடி அளவி என்று பொருள். ஆக, அது மருந்துச் சீட்டன்று, பொருளின் பெயர். மூத்த பெண்களிடையே ஐ-மின் லீ குழுவினர் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், இறப்பு அபாயம் குறைவது சுமார் 7,500 அடிகளோடு நின்றுவிடுகிறது. இச்செய்தி வாட்ஸ்அப்பில் வந்த அன்றே, மிச்சமான 2,500 அடிகளை ஆண்கள் எழுவரும் ஓட்டலுக்கு முன்கூட்டியே போகச் செலவிட்டோம். ஆய்வு யாரைப் பற்றியதோ அந்த வகையில் எங்கள் குழுவில் இருப்பவர் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான். அவர் பத்தாயிரத்தை முடித்துவிட்டே வந்தார். போட்டியில் அவர் சேருவதில்லை. போனை வீட்டில் வைத்துவிட்டு, தண்ணீர் பாட்டில் பையோடு மட்டும் வருவார்.

வேகத்தை அளக்க மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அப்படியானால் அது மிதமான பயிற்சி. எங்களில் ஒருவர் டி.எம்.எஸ். பாடல்களை இரண்டாம் சரணம் வரை பாடிக்கொண்டு வருவார். மற்றவர்கள் திருத்துவார்கள். மேலும் விளக்க வேண்டியதில்லை.

இது தமிழர்க்கே உரிய சீர்கேடு என்று எண்ணுபவர் பிற நாட்டுச் சான்றுகளையும் நோக்குக. 1938-இல் கோலாலம்பூரில் ஆங்கிலேயர்கள் தொடங்கிய ‘ஹாஷ் ஹவுஸ் ஹாரியர்ஸ்’ ஓட்டக் குழுவின் பெயரில் உள்ள ஹாஷ் ஹவுஸ், அவர்கள் சாப்பிட்ட இடத்தின் பட்டப்பெயர். ஓட்டத்தின் முடிவில் பீர். லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபர் 2 அன்று (காந்தி பிறந்தநாள், கவனிக்க) 13 பேர் ஓடியதிலிருந்து வளர்ந்ததே, இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடக்கும் ‘பார்க்ரன்’. அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹெவிட் அப்போது காயத்தால் ஓட முடியாதிருந்தவர். ஓட முடியாதபோதும் நண்பர்களைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அவர்களை ஓடவிட்டு நேரம் குறித்தார்.

இச்சான்று நம்மை எங்கள் மேனேஜர் சாரிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். முழங்கால் அறுவை செய்துகொண்டார். நடைக்குழுவிலிருந்து இயல்பாகவே நீங்கியிருக்க வேண்டியவர், டாக்டர் வெளியே போகலாம் என்ற மறுநாளே ஐந்தரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, சிமென்ட் பெஞ்சில் கைத்தடியோடு உட்கார்ந்தார். நாங்கள் அவரிடமிருந்து புறப்பட்டு அவரிடம் திரும்பினோம். திரும்பும் இடைவெளி நாளடைவில் குறைந்தது. மூன்றாவது வாரத்தில், டீச்சர் நீங்கலாக, குழு முழுவதும் பெஞ்சைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. வருகைப் பதிவு முன்பைவிட மேலானது.

அவருக்கு ஒரே குறை. அடிகள் இல்லாததால் பில்லைத் தொட முடியவில்லை. “ரூல்னா ரூல் சார்” என்று ஒவ்வொரு ஞாயிறும் தடுத்துவிட்டோம்.

நான்காவது ஞாயிறு போன்களை மேசையில் வைத்தோம். மேனேஜர் சாரின் கணக்கு எங்கள் எல்லோருக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. கருவிக் கோளாறு என்றார் பாடகர். நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் தண்ணீர் பாட்டில் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டிருந்தார்.

“அவர் போன் சும்மாதானே உட்கார்ந்திருந்துது” என்றார்.

மேனேஜர் சார் அதற்குள் சர்வரைக் கூப்பிட்டு, எட்டு காபி, அதில் மூன்று சர்க்கரை இல்லாமல் என்று சொல்லிவிட்டு, பர்ஸை வெளியே எடுத்தாயிற்று.