ஆறுமுகன் அருகில் பகா எண்

பழனி மலைக்கும் இதுவரை அறியப்பட்ட மிகப் பெரிய பகா எண்ணுக்கும் ஏதாவது உறவு உண்டா?
– ஒரு வாசகர், பழனி

ஏன் இல்லை? பழனி மலையில் நிற்பவன் ஆறுமுகன் அல்லவா? 3-க்கு மேற்பட்ட பகா எண் எதுவானாலும், ஆறின் மடங்குக்கு முன்போ பின்போதான் நிற்கும். 5, 7, 11, 13... நீங்களே போட்டுப் பாருங்கள். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அந்தப் பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஆறால் மீதியின்றி வகுபடும். எவ்வளவு வளர்ந்தாலும் ஆறுமுகன் பக்கத்தைவிட்டு அது நகரவில்லையே! ஆனால், ஆறின் பக்கத்தில் நிற்பதெல்லாம் பகா எண் ஆகிவிடாது. 25-ஐ மறக்க வேண்டாம்.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. ஒரு பகா எண்ணைப் பிடித்திருக்கக் கூடாதா?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

அந்த வேலையை அமெரிக்காவின் சில்வண்டுகள் எடுத்துக்கொண்டன. அவற்றில் சில இனங்கள் 13, சில இனங்கள் 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைவிட்டு வெளியே வருகின்றன. இரண்டுமே பகா எண்கள். நம் மலையில் குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது; கணக்குப்படி அடுத்தது 2030. பூத்து விதை தந்ததும் செடி மடிந்துவிடும். 2042-க்கான பூ அந்த விதையில்தான் இருக்கிறது. பார்க்க வாருங்கள், பறிக்காதீர்கள்.