பிள்ளையார் விசாரிக்காத வழக்கு

சித்தூர்க்காரர்களுக்கு நீதிமன்றம் இரண்டு. ஒன்று, டவுனில் கறுப்புக் கோட்டுக்காரர்கள் நடத்துவது. இன்னொன்று, காணிப்பாக்கத்தில் பிள்ளையார் நடத்துவது. முதலாவதில் வாய்தா உண்டு, இரண்டாவதில் கிடையாது. குளத்தில் முழுக்குப் போட்டு, ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்யென்றால் அவர் பார்த்துக்கொள்வார். கைமாற்று வாங்கி இல்லையென்றவன், இனி குடிக்கமாட்டேன் என்பவன், 'தைரியமிருந்தா காணிப்பாக்கத்துக்கு வாடா' என்று எதிர்க்கட்சிக்காரனைக் கூப்பிடுகிற அரசியல்வாதி என எல்லோருக்கும் அங்கே இடமுண்டு. எங்கள் புத்தலப்பட்டுக்குப் பக்கம்தான். ஆனால் 'கம்ப்யூட்டர் கேமைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன் சாமி' என்று அங்கே போய் நிற்கும் துணிச்சல் என் வயதுக்காரர்களில் ஒருத்தனுக்கும் இருந்ததில்லை.

காரணம் எளிது. 2003-இல் ஜி.டி.ஏ. கேம் வரிசையின் 'வைஸ் சிட்டி' கம்ப்யூட்டருக்கு வந்தபோது, அமெரிக்காவில் புது கேம் ஒன்றின் விலை 50 டாலரை ஒட்டி இருந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 2,300 ரூபாய். எங்கள் பக்கம் பல வீடுகளில் அது ஒரு மாத மளிகை. 'ஒரு மாசம் யாரும் சாப்பிட வேண்டாம், நான் கார் திருடப் பழகணும்' என்று எந்தப் பிள்ளை அப்பாவிடம் கேட்க முடியும்? சென்னை பர்மா பஜாரில் அதே சமாசாரம் பஸ் டிக்கெட்டைவிட மலிவாகக் கிடைத்தது. அதன் பிரதியின் பிரதி சித்தூர் வந்து சேர்ந்தது. 'ஒரிஜினலா அண்ணா?' என்று கேட்டால், 'ஓடும் தம்பி' என்பார் கடைக்காரர். ஓடினால் ஒரிஜினல், ஓடாவிட்டால் டூப்ளிகேட். இதைவிடத் தெளிவான இலக்கணத்தை நான் எந்த வக்கீலிடமும் கேட்டதில்லை.

அந்தக் காலத்தின் ராஜா 'ஐ.ஜி.ஐ.'. ஒற்றை ஆளாக ராணுவ முகாமுக்குள் நுழைந்து சுட வேண்டும். நடுவில் 'சேவ்' செய்ய வழியில்லை, செத்தால் முதலிலிருந்து. கரன்ட் போனாலும் முதலிலிருந்துதான் என்பதால், எங்கள் ஊரில் எதிரிப் படையைவிட மின்வாரியத்தின் கையால் செத்தவர்களே அதிகம். அதை உருவாக்கியது இன்னர்லூப் என்ற நார்வே கம்பெனி. கேம்களின் பூட்டை உடைப்பதில் உலகப்புகழ் பெற்ற 'ரேஸர் 1911' கோஷ்டியும் 1985-இல் நார்வேயில் பிறந்ததுதான். அவர்கள் ஊர்ச் சண்டையில் நாம் ஏன் தலையிட வேண்டும் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டோம். 2003-இல் இன்னர்லூப்பை இழுத்து மூடினார்கள். எங்களால்தான் மூடினார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. எங்கள் ஊரிலிருந்து அவர்களுக்கு ஒரு ரூபாயும் போகவில்லை என்பதற்கு ஊரே ஆதாரம்.

பூட்டுடைக்கும் கோஷ்டிகளிடம் ஒரு வேடிக்கை உண்டு. சரக்கோடு ஒரு குறிப்பும் வைப்பார்கள்: பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள், செய்தவர்களை ஆதரியுங்கள் என்று. பீரோவை உடைத்தவன் சேமிப்பின் அருமையை எழுதி வைத்துவிட்டுப் போவதுபோல. நாங்கள் அந்தக் குறிப்பை மட்டும் படிக்கமாட்டோம். ஆங்கிலம் வராதே!

பிறகு பிராட்பேண்ட் வந்தது. பி.எஸ்.என்.எல். திட்டமொன்றில் இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. திருமலையில் சுப்ரபாதம் தொடங்குவதற்கு முன்பே புத்தலப்பட்டில் கள்ளப் பிரதி இறக்கும் டோரன்ட் கண்விழித்துவிடும். 256 கேபிபிஎஸ் வேகத்தில் ஆறு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 690 எம்பி, அதாவது ராத்திரிக்கு ஒரு சிடி. அதே ஜி.டி.ஏ. வரிசையின் 'சான் ஆண்ட்ரியாஸ்' டிவிடி இறங்க ஒரு வாரம். பரீட்சைக்கு எழுப்பினால் எழாத பயல்கள், டவுன்லோடு தொடங்கிவிட்டதா என்று பார்க்க இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்தார்கள். இந்த உழைப்பை 'இலவசம்' என்று சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும்.

அப்புறம் கற்பு. இறக்கியதை மற்றவர்களுக்கும் ஏற்றிவிடாமல் கம்ப்யூட்டரை அணைப்பவனை எங்கள் வட்டாரத்தில் மனிதனாகவே மதிப்பதில்லை. 'வாங்க மட்டும் தெரியுது, கொடுக்கத் தெரியுதா?' என்று, பைசா கொடுக்காத நாங்கள் அவனைக் காறித் துப்புவோம்.

சட்டமும் சும்மா இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள், அதிகம் மூன்று ஆண்டு சிறை என்கிறது. வியாபாரத்துக்காக இல்லையென்றால் நீதிபதி மனமிரங்கி ஜெயிலை விட்டுவிட்டு, 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு அனுப்பலாம். எங்கள் பக்கத்தில் இந்தப் பிரிவைத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். போலீஸையும் சேர்த்து.

சட்டம் தூங்கினாலும் சில கேம்காரர்கள் தூங்கவில்லை. 2013 ஏப்ரலில் க்ளூக் சகோதரர்கள் 'கேம் டெவ் டைக்கூன்' என்றொரு விளையாட்டை 8 டாலருக்கு வெளியிட்டார்கள். கேம் கம்பெனி நடத்துவதுதான் விளையாட்டே. கள்ளப் பிரதி எப்படியும் வரப்போகிறது, நாமே விடுவோம் என்று அவர்களே ஒன்றை டோரன்டில் போட்டார்கள். முதல் நாள் முடிவில் காசு கொடுத்து ஆடியவர்கள் 214 பேர், சும்மா எடுத்தவர்கள் 3,104 பேர். அந்தக் கள்ளப் பிரதியில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். ஆடுகிறவன் ராப்பகலாக உழைத்து, திரைக்குள் அருமையான கேம்களாக வெளியிடுவான். கொஞ்ச நேரத்தில் 'எல்லோரும் திருட்டுத்தனமாக ஆடுகிறார்கள், யாரும் வாங்குவதில்லை' என்று செய்தி வரும். வருமானம் வற்றும், கம்பெனி திவாலாகும். எத்தனை முறை ஆடினாலும் திவால். திருட்டுப் பிரதி ஆடிய பயல்கள் கொதித்துப்போய், இந்தத் திருட்டைத் தடுக்க ஏதாவது வழி கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். காணிப்பாக்கம் பிள்ளையார்கூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு சொல்வதில்லை.

'நான் பிரதி எடுத்தா அவன் சரக்கு குறையுதா?' என்பது என் நண்பனின் நெடுநாள் வாதம். ஐரோப்பிய ஆணையம் செய்யச் சொன்ன ஓர் ஆய்வைத் துணைக்கு இழுப்பான். கள்ளப் பிரதியால் கேம் விற்பனை குறைவதாக அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. 2015-இல் முடிந்த அறிக்கை 2017-இல்தான் வெளியே வந்தது. 'உண்மைன்னாலே அமுக்கிடறாங்க பாரு' என்பான். இந்த வாதத்தை ஒருநாள் தோத்தாபுரி மாந்தோப்பு வைத்திருக்கும் என் மாமாவிடமும் சொன்னான். காய் மரத்திலேயே இருக்கும், அதேபோல இன்னொன்று மட்டும் என் பைக்கு வந்துவிடும் என்று விளக்கினான். 2025-இல் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ஃபேக்டரி 8 ரூபாயும் அரசாங்கம் 4 ரூபாயும் தருவதென்று முடிவாகும்வரை அலைந்தவர் மாமா. நிதானமாகக் கேட்டார்: "ஊர்ல எல்லாரும் அப்படியே எடுத்துட்டா, மரத்துல இருக்கிற காயை நான் யாருக்குப்பா விக்கிறது?"

நண்பன் உடனே வேறு வாதத்துக்குத் தாவினான்: "விலை அதிகம் மாமா."

அது 2003-இல் உண்மை. கடையில்லை, கார்டு இல்லை, காசும் இல்லை. வாங்கவே முடியாதவன் எடுத்தால் விற்பனை போயிற்று என்று அழுவதை நான் இன்றும் ஏற்கமாட்டேன். ஆனால் 2015-இலேயே ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை ரூபாயில் விலை போடத் தொடங்கிவிட்டது. இப்போது யுபிஐ எடுக்கிறது. எபிக் கடையில் 2018-இலிருந்து நல்ல கேம்களைச் சட்டப்படி சும்மாவே தருகிறார்கள். நண்பனும் பெங்களூரு ஐடி கம்பெனியில் நன்றாகச் சம்பாதிக்கிறான். அரை லட்சத்துக்குக் கிராபிக்ஸ் கார்டு, கலர் கலராய் எரியும் கீபோர்டு, முதுகுக்கு இதமான நாற்காலி எல்லாவற்றுக்கும் பில் வைத்திருக்கிறான். கேமுக்கு மட்டும் பூட்டுடைத்த 'கிராக்'. நாற்காலி டோரன்டில் கிடைப்பதில்லை என்பதைத் தவிர இதில் வேறு தத்துவம் எதையும் நான் காணவில்லை.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது 'வெண்பா'வை இறக்கி ஆடிக்கொண்டிருந்தான். கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மா சமைக்கும் கதை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது, அடுத்த ஆண்டு பாஃப்டா விருது வாங்கியது. திரையில் இட்லித் தட்டைப் பார்த்துவிட்டு அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யார்ரா செஞ்சது இதை?"

"கனடாவுல நம்ம தமிழ்ப் பையன்மா."

"என்ன விலை?"

"சும்மா இறக்கினேன்."

"நம்ம புள்ள செஞ்சதுக்குக் காசு கொடுக்காம எடுத்தியா? வெக்கமா இல்ல?"

அன்று சாயங்காலமே வாங்கிவிட்டான். அப்படியென்றால் இத்தனை வருஷம் நார்வேக்காரனும் அமெரிக்காக்காரனும் யார் பெற்ற பிள்ளைகள் என்று அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் கையில் அவர் தந்த அதிரசம் இருந்தது.

நண்பன் இப்போது வேறொரு கோபத்தில் இருக்கிறான். ஜி.டி.ஏ. 6-ஐ முதலில் பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும் மட்டும்தான் அறிவித்தார்கள். "இருபது வருஷமா அவனுங்க கேமைத்தான் ஆடறேன்," என்கிறான், "பழைய கஸ்டமருக்குக் கொஞ்சமாவது மரியாதை இருக்கா பாரு!"