கண்டிக்கு ஒரு மரடோனா வேண்டும்

டியாகோ மரடோனாவைப் பார்த்தாவது கண்டி திருந்த வேண்டும்.

1986இல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் கோல் அடித்தார். பழியைக் கடவுள் ஏற்றுக்கொண்டார். 1991இல் கொக்கெய்னுக்காக 15 மாதத் தடை. 1994 பெப்ரவரியில் வீட்டு வாசலில் நின்ற செய்தியாளர்களைக் காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். பத்திரிகைச் சுதந்திரத்துக்கு இவ்வளவு நேரடியாகப் பதில் சொன்ன விளையாட்டு வீரர் அரிது. அதே ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஊக்கமருந்து, பாதியில் வீடு. 1998இல் ரொசாரியோ ரசிகர்கள் அவர் பெயரில் திருச்சபையே தொடங்கிவிட்டார்கள்.

கண்டி என்ன தந்தது? பிஸ்கட் உற்பத்தியாளரின் மகன் முத்தையா முரளிதரனை. டெஸ்ட் விக்கெட் 800. மனிதர் ஒரு செய்தியாளரைக்கூடச் சுடவில்லை!

இருவருக்கும் கையில்தான் வில்லங்கம். மரடோனாவின் கை கடவுளுடையதாகிவிட்டது. 1995இல் மெல்பர்னில் நோ-போல் வாங்கிய முரளியின் கையோ ஆய்வுகூடத்துக்குப் போனது. ஒழுங்காக வாழ்ந்தால் இதுதான் கதி.

ஊரைக் குறை சொல்வதற்கில்லை. அது வசதிகளைச் செய்தே வைத்திருந்தது. போகம்பறையில் மைதானத்துக்கு அருகிலேயே சிறைச்சாலை. 2014இல் அது மூடப்பட்டபோது கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றினார்கள். அங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானம் 2009இலேயே திறந்தாயிற்று.