சித்தப்பா, கொஞ்சம் உள்ளே வாங்க

கல்யாண மண்டபத்தில் யாரையும் அதட்டும் உரிமை இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருவர் ஐயர், இன்னொருவர் போட்டோகிராபர். ஐயராவது மந்திரத்துக்கு நடுவில் அதட்டுவார்; தெய்வத்தின் பேரில் போய்விடும். நமக்கு அந்த வசதி இல்லை. ஊரே எழுந்து நின்று கும்பிடும் பண்ணையக்காரரைப் பார்த்து, “ஐயா, வயித்தைக் கொஞ்சம் உள்ளே இழுங்க” என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் அவரிடமே பாக்கிப் பணத்துக்குத் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிற பிழைப்பு இது.

என் ஸ்டுடியோ இருப்பது கொழிஞ்சாம்பாறையில். ஜில்லா பாலக்காடு, மாநிலம் கேரளம், பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சு. கிழக்கே நகர்ந்தால் வேலந்தாவளமோ கோபாலபுரமோ, ஏதாவதொரு செக்போஸ்ட் வந்துவிடும். கல்யாண ஆர்டர் தருகிற சனம் இந்தப் பக்கம் பாதி, மூணாறு, மறையூர் எஸ்டேட் பக்கம் பாதி. இதில் ஒரு கூத்து என்னவென்றால், பாலக்காடும், மூணாறு இருக்கிற இடுக்கியும் ஒரே மாநிலத்து ஜில்லாக்கள்தான். ஆனால் ஒன்றையொன்று தொடாது. ஒரு கேரளத்துக் கல்யாணத்தை முடித்துவிட்டு இன்னொரு கேரளத்துக் கல்யாணத்துக்குப் போக, நான் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து, சின்னாறு வழியாக மறையூர் ஏறியாக வேண்டும். திரும்பும்போதுதான் வேடிக்கை. மறையூர்ச் சந்தனம் இறங்குகிற பாதை என்பதால் வண்டியில் நீளமாக எது கிடந்தாலும் சந்தேகம் வரும். டிரைபாட் பை நீளமாகத்தான் இருக்கும். கேமராவுக்கு மூன்று கால் எதற்கு என்று ராத்திரி நேரத்தில் நடுரோட்டில் நின்று விளக்குவதும் என் தொழிலில் சேர்த்தி.

தமிழ்க் கல்யாணமும் மலையாளக் கல்யாணமும் கேமராவுக்கு ஒன்றல்ல. எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் அருமைக்காரர் வந்து, இணைச்சீர், மங்கல வாழ்த்து என்று ஒவ்வொன்றாக நிதானமாக நடத்துவார். மூச்சுவிட நேரம் உண்டு. இணைச்சீர் நேரத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். அது மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கான மரியாதை. அந்த அம்மணி பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திய பட்டுச்சேலையின் கரை படத்தில் தெரியாவிட்டால், மாப்பிள்ளை எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் பிரயோசனம் இல்லை.

மலையாளக் கல்யாணம் அப்படியல்ல. கொட்டு உச்சத்துக்குப் போகும், தாலி ஏறும், மாலை மாறும், முடிந்தது. லென்ஸ் மாற்றக் குனிந்தவன் நிமிரும்போது பந்தியில் இலை போட்டிருப்பார்கள். குருவாயூரில் 2024 செப்டம்பர் 8-ஆம் தேதி ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. ஒரு கல்யாணத்துக்குப் போட்டோகிராபர்களையும் சேர்த்து 24 பேருக்குத்தான் அனுமதி என்று தேவஸ்வம் சொல்லியிருந்தது. பெரியம்மாவா, வீடியோக்காரரா என்று எத்தனை வீடுகளில் ராத்திரியெல்லாம் பஞ்சாயத்து நடந்ததோ. வீடியோக்காரர்தான் ஜெயித்திருப்பார் என்பது என் ஊகம். பெரியம்மாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டிக்கொள்ளலாம்.

தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிஷத்தில் மண்டபத்துக்குத் தெரிவது எங்கள் முதுகு மட்டுமே என்பது பொதுவான புகார். உண்மைதான். பெண் வீட்டுப் போட்டோகிராபர், மாப்பிள்ளை வீட்டுப் போட்டோகிராபர், ஆளுக்கொரு வீடியோ, கேண்டிட் எடுக்கக் கொச்சியிலிருந்து வந்த தாடிக்காரத் தம்பி, அவருக்கு லைட் பிடிக்கிற இன்னொரு தாடி என்று ஒரு மதிலே எழும்பிவிடும். அட்சதையில் முக்கால் பங்கு எங்கள் மேல்தான் விழுகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்த ஜில்லாவிலேயே அதிகம் ஆசீர்வதிக்கப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

2018-ல் திருச்சூர்ப் பக்கம் ஒரு போட்டோகிராபர் மரத்தில் தலைகீழாகத் தொங்கி, கீழே நின்ற மணமக்களைப் படம் எடுத்தார். அந்த வீடியோ உலகமெல்லாம் சுற்றியது. படம் அருமையாக வந்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் என் கடைக்கு வந்த பெண்ணின் அப்பா ரேட் கேட்பதற்கு முன்னால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங், மரமெல்லாம் ஏறுவீங்களா?” என் உடம்பைப் பார்த்த பிறகும் கேட்டார் என்பதுதான் எனக்குப் பெருமை.

இப்போது கல்யாணத்துக்கு முந்தைய கல்யாணம் ஒன்று இருக்கிறது, சேவ் தி டேட் என்று. கொல்லங்கோட்டு வயல் வரப்பில், நெல்லியாம்பதி மலை பின்னால் தெரிய, பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து ஓட வேண்டும். ஓடுவது அவர்கள், வரப்பு உடைந்ததற்கு வயல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நான். மேலேயிருந்து எடுக்க ஹெலிகேம் வேண்டும் என்பார்கள். 2021-ன் டிரோன் விதிகளில் 250 கிராம் வரைக்கும் சலுகை இருக்கிறதே என்று சின்னதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். சலுகை அரசாங்கத்துடையது, காற்றுக்கு அது தெரியாது. தை மாசம் முகூர்த்தம் கூடுகிற நேரத்தில்தான் பாலக்காட்டுக் கணவாயில் கிழக்கத்திக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். தமிழ்நாட்டு மாப்பிள்ளையின் தலைக்கு மேல் ஏற்றினால் ஹெலிகேம் கேரளத்துக்குக் குடிபோகத் துடிக்கும். அதை இழுத்துப் பிடித்து நிறுத்துவதற்குள் மணப்பெண்ணின் தலைமுடி மாப்பிள்ளையின் வாயில் போய், இருவரும் காதலை மறந்து துப்பிக்கொண்டிருப்பார்கள்.

மூணாறில் கேட்பது குறிஞ்சி. அது 12 வருஷத்துக்கு ஒருமுறை. 2018-ல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளம் வந்து ரோடே இல்லாமல் போயிற்று. அடுத்த பூப்பு 2030-ல். “அதுக்குள்ள கொஞ்சமாச்சும் பூக்காதாண்ணா?” என்று ஒரு தம்பி கேட்டார். நிச்சயதார்த்தம் முடிந்து, மண்டபத்துக்கு அட்வான்ஸும் கொடுத்தவர். குறிஞ்சி இல்லையென்றால் தேயிலைத் தோட்டம். அங்கே நாங்கள் பார்த்துப் போக வேண்டிய பெரிய மனிதர் படையப்பா. ரஜினி இல்லை, மூணாறு மக்கள் அப்படிப் பேர் வைத்திருக்கிற கொம்பன் யானை. அவர் ரோட்டுக்கு வந்துவிட்டால் முகூர்த்தமாவது ராகுகாலமாவது, அவர் நகர்கிற வரைக்கும் வண்டி நகராது. அவரிடம் மட்டும் நான் எதையும் உள்ளே இழுக்கச் சொன்னதில்லை.

எஸ்டேட் கல்யாணத்தில் எதிரி குளிர். ஜனவரியில் அங்கே சில விடியற்காலைகளில் புல்மேல் உறைபனி படிந்து கிடக்கும். வெளியே எடுத்துக்கொண்டிருந்த கேமராவோடு, சமையல் ஆவியும் ஓமப்புகையும் நிறைந்த பந்தலுக்குள் நுழைந்தால் லென்ஸ் முழுக்கப் பனி மூடிக்கொள்ளும். துடைத்தாலும் திரும்ப மூடும். கேமராவைப் பைக்குள் போட்டு மூடி, உள்ளே இருக்கிற சூட்டுக்கு அது பழகும்வரை காத்திருப்பதுதான் வழி. இதை ஐயரிடம் சொல்லி முகூர்த்தத்தை நிறுத்திவைக்க முடியுமா? ஆகவே ஒரு கேமராவை முதல் நாள் ராத்திரியே பந்தலுக்குள் தூங்கவைத்துவிடுவேன். லென்ஸ் தெளிந்தாலும் காட்சி தெளியாது: பட்டுச்சேலைக்கு மேல் ஸ்வெட்டர், வேட்டிக்கு மேல் கம்பளிக் கோட்டு, தலையில் குரங்குக் குல்லா. “பெரியப்பா, ஒரே ஒரு படத்துக்குக் குல்லாவைக் கழட்டுங்க” என்றால், “நீ படத்தை எடு தம்பி, சளி புடிச்சா ஆஸ்பத்திரிக்கு நீயா வருவே?” என்பார். குல்லாவோடுதான் ஆல்பத்தில் இருக்கிறார். இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் தெரியும். அவர்தான் என்று பெரியம்மா சாட்சி சொல்ல வேண்டும்.

ஆனால் மரமோ காற்றோ குளிரோ எதுவும் பெரிய கஷ்டமில்லை. கஷ்டமெல்லாம் குரூப் போட்டோவில். யார் முதலில் மேடை ஏறுவது, யார் யார் பக்கத்தில், தாய்மாமன் நிற்கும்போது சித்தப்பா ஏன் நடுவில் என்று ஒரு மகாபாரதம் அங்கே நடக்கும். தாய்மாமன் கெத்து இங்கேயும் உண்டு, மலையாள வீட்டு அம்மாவனுக்கும் உண்டு. இரண்டும் ஒரே மேடையில் ஏறினால் என் லென்ஸின் அகலம் போதாது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். வருகிற எல்லாருக்கும் எடுத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே முக்கியமில்லாத குரூப் என்று பட்டால் படம் எடுக்காமல் பிளாஷை மட்டும் அடித்து அனுப்பிவிடுவார். அவர்களும் திருப்தியாகச் சாப்பிடப் போவார்கள். இன்று மெமரி கார்டில் ஆயிரக்கணக்கில் இடம் இருக்கிறது. அந்த ராஜதந்திரத்துக்குத்தான் இடமில்லை. எடுத்த உடனே திரையில் காட்டச் சொல்லுகிறார்கள்.

ஒவ்வொரு குடும்பத்திலும் பிளாஷ் அடிக்கிற அந்தச் சரியான நொடியில் கண்ணை மூடுகிற சித்தப்பா ஒருவர் உண்டு. பொதுவாக வேறொரு படத்திலிருந்து அவருடைய திறந்த கண்ணை எடுத்து ஒட்டிவிடுவோம். ஒரு சித்தப்பா கல்யாணம் முழுக்கவே கண்ணைத் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அவர் தம்பியின் கண்ணை எடுத்து வைத்தேன். ஆல்பத்தைப் பார்த்த சித்தி வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. “இவரு இத்தனை பிரியமாப் பாத்து நான் கண்டதே இல்லீங்க” என்றார்.

2020 ஊரடங்கில் எல்லை தாண்டினால் தனிமைப்படுத்துவார்கள் என்ற நிலை. அந்த ஜூனில் மூணாறுப் பெண்ணுக்கும் கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்கும் சின்னாறில், இரண்டு மாநிலமும் சேரும் இடத்தில், நடுரோட்டிலேயே கல்யாணம் நடந்தது. அதற்கு முந்தின மாசம் குமுளி செக்போஸ்ட்டிலும் இப்படி ஒன்று. நான் வண்டியை நிறுத்தி டிரைபாடைக் காட்டிய அதே சின்னாறு ரோட்டில் தாலி ஏறியிருக்கிறது! செய்திப் படத்தைத் தொழில் கண்ணோடு பார்த்தேன். திறந்த வெளிச்சம், லைட் வாடகை மிச்சம். மேடை இல்லை, முதுகு மதில் இல்லை, அம்மாவன் தகராறு இல்லை. எங்கள் ஆட்கள் கனவு காணும் கல்யாணம். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்த என் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “ஏஞ்சாமி, இவிய சனமெல்லாம் எங்கே?”

அம்மா கேட்டதுதான் ஆல்பத்தைத் திறக்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி. ஹெலிகேம் படத்தை ஒரு ‘ஆகா’வோடு புரட்டிவிடுகிறார்கள். குரூப் போட்டோ வந்ததும் விரல் நிற்கும். முதலில் தன்னைத் தேடும், அப்புறம் வராதவரைத் தேடும். மொய் நோட்டுப் போல அதுவும் வரவு வைக்கிற புத்தகம்தான். அதனால்தான் துபாயில் லீவு கிடைக்காத அண்ணனை, பாஸ்போர்ட் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்துக் கடைசி வரிசையில் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்துவேன். கோட் சூட் போட்டே நிறுத்துவேன்.

ஆல்பம் போட மணமக்கள் படம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று அது குழந்தையின் காதுகுத்து வரை இழுக்கும். அதற்குள் இரண்டு வீட்டிலும் யாராவது யாரோடாவது முறைத்திருப்பார்கள். அப்போது ஒருவர் தனியாகக் கடைக்கு வருவார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அந்த மூணாவது ஆளைத் தூக்கிருங்க” என்பார். தூக்கிக் கொடுக்கிறேன். ஆனால் அசல் படம் ஹார்ட் டிஸ்கில் அப்படியே இருக்கும். தூக்குவதற்கு ஒரு ரேட். சண்டை தீர்ந்து திரும்பச் சேர்ப்பதற்கு இரண்டு மடங்கு. தூக்கச் சொன்னவர் எவரும் இரண்டாவது ரேட்டைக் கட்டாமல் போனதில்லை.