பூனை வரை அனுமதி

மகள் இயர் செவனுக்குப் போன அதே செப்டெம்பரில்தான் மாமியும் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களோடு இருக்க வந்து சேர்ந்தா. ஆர்ச்வேயில் எங்களுடையது, மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டால் தாராளமாக இருக்கக்கூடிய பிளாட். மகளின் அறைக்குள்ளேயே இன்னொரு கட்டிலைப் போட்டோம். விடியப்புறம் ஐந்து மணிக்கு மாமியின் போன் கந்தசஷ்டி கவசம் சொல்லத் தொடங்கும். பிரெஞ்சு வினைச்சொற்களோடு மல்லுக்கட்டுகிற பிள்ளைக்கு இப்போது கவசம் முழுவதும் பாராமலே வருகிறது. அதற்குப் பள்ளிக்கூடத்தில் மார்க்ஸ் இல்லையாம்.

மார்க்ஸ் கதையைக் கேளுங்கள். இங்கே ஜி.சி.எஸ்.ஈ சோதனையில் 2017இலிருந்து படிப்படியாக ஏ, பி, சி எல்லாம் போய் இலக்கம் வந்துவிட்டது. 9 உச்சம், 1 அடிமட்டம். அந்த இலக்கத்தையே மகளின் பள்ளிக்கூடம் சின்னப் பிள்ளைகளின் தாளிலும் போடுகிறது. முதல் கணக்குச் சோதனைக்கு 3 என்று கொண்டுவந்தாள். "மூன்றாம் பிள்ளையோ, என்ரை ராசாத்தி!" என்று மாமி நெட்டி முறித்தா. நானும் துள்ளிக்கொண்டு ஓடிப்போய் லட்டு வாங்கிவந்து, மேல்மாடிக்காரருக்கும் கதவைத் தட்டிக் கொடுத்தேன். மகள் தடுக்கவில்லை. இரண்டு லட்டைச் சாப்பிட்டு முடித்து, கையையும் கழுவிவிட்டுத்தான் விளக்கம் சொன்னாள்.

அன்றிரவே கணக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். நெடும்பிரித்தலில் ஊரிலே நான் கெட்டிக்காரன். "அப்பா, இதை பஸ் ஸ்டொப் முறையில செய்யவேணும்" என்றாள். பெரிய எண்ணுக்கு மேலே ஒரு கூரை, பக்கத்தில் ஒரு சுவர். வகுக்கிற எண் வெளியே நனைந்துகொண்டு நிற்கும். மிச்சத்தை மனதிலே கழித்து அடுத்த இலக்கத்தின் தலையோரம் சின்னதாக ஏற்றிவிட வேண்டும். 43க்கும் 134க்கும் காத்து நின்றே தலை நரைத்தவனுக்கு இது வராதா? வரவில்லை. மிச்சம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

மாமி முருகனிடம் போனா. ஆர்ச்வே றோட்டில், 2002இல் எலிசபெத் ராணியே வந்து போன கோயில். அடுத்த சோதனைக்கு நேர்த்தி வைத்துவிட்டு முகமெல்லாம் பூரிப்பாக வந்தா. என்ன நேர்த்தி என்று கேட்டோம். பிள்ளைக்கு 1 வரவேண்டுமாம். எத்தனை தரம் விளக்கினாலும் மாமிக்கு ஒன்றென்றால் ஒன்றுதான்.

ஹைகேட் ஹில்லில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. முதல் கிழமை பக்கத்தில் நடந்தாள். பிறகு இருபதடி முன்னே. அதன் பிறகு சட்டம் வந்தது: அப்பா பூனை வரைதான் வரலாம். லண்டனே வேண்டாமென்று ஓடிய டிக் விட்டிங்டன் மணியோசை கேட்டுத் திரும்பிப்போய் மேயரானதாகக் கதை சொல்லும் இடத்தில் 1821இல் ஒரு கல் நட்டார்கள்; 1964இல் அதன் மேல் கறுப்புக் கல்லில் ஒரு பூனையையும் ஏற்றினார்கள். சுற்றிவர இரும்புக் கம்பி. அதைத் தாண்டி மேலே போகப் பூனைக்கும் வழியில்லை, எனக்கும் உத்தரவில்லை.

ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். மாமி கம்பளிக் கோட்டுக்குக் கீழே சேலை தெரிய, பையில் றோல்ஸோடு புறப்பட்டா. நேரே பள்ளிக்கூட கேற் வரை போய், மகளின் சிநேகிதிகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தா.

"அதென்ன அம்மம்மாவுக்கு மட்டும் கேற் வரை?" என்றேன்.

"நீங்கள் வழியெல்லாம் சோதனையைப் பற்றியே கேக்கிறீங்கள். அம்மம்மா சாப்பிட்டியோ எண்டு மட்டும்தான் கேப்பா."

நியாயந்தான். அடுத்த நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். மழை பற்றிக்கூட வாய் திறக்கவில்லை. பூனையும் வந்தது. மகள் திரும்பி, எத்தனையோ நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சந்தோசத்தில் நாக்கு நழுவிவிட்டது:

"அடுத்த கணக்குச் சோதனை எப்ப பிள்ளை?"

இப்போது எனக்கு அனுமதி, கீழே டியூப் ஸ்டேஷன் வரைக்கும்தான்.