மணல்மேல் பதினெட்டு மீட்டர்

கடைக்காரர் பெட்டியைப் பிரித்து மேஜைமேல் வைத்து பேட்டரியில் சொருகியதுமே திரையில் மீன் ஓட ஆரம்பித்தது. சின்ன மீன், பெரிய மீன், அடியை ஒட்டி ஒரு கூட்டம். தண்ணீர் என்று அந்தக் கடையில் இருந்தது ஒரு சில்வர் டம்ளரில் பாதிதான். சென்சார் இன்னும் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வரவில்லை. யாருக்கும் அது உறுத்தியதாகத் தெரியவில்லை. "எவ்வளவு மீனுன்னு பாருங்க" என்றார் கடைக்காரர். எல்லோரும் பார்த்தார்கள். விலை படிந்தது.

போன வாரம் அந்த ஃபிஷ் ஃபைண்டர், தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கரையில், ஒரு ஃபைபர் படகில் ஏறியது. படகு மணலில் நின்றது. திரை 18 மீட்டர் ஆழம் காட்டியது. 11 மீட்டரில் ஒரு பெரிய மீன் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"என்ன சார், மண்ணுக்குள்ள மீன் போவுது?" என்றார் படகுக்காரர்.

கடையில் போட்டுவிட்ட டெமோ. அதை அணைக்க மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு என்று இறங்கியதில் காலைப்பொழுது போய்விட்டது. வாங்குகிறவருக்கு அதை எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எந்தக் கடையிலும் கிடையாது. சொல்லிக்கொடுத்தால் மீன் நின்றுவிடும்.

இதை எழுதுபவர் அங்கே போனதற்கு மீன்பிடி அனுபவம் காரணமல்ல. இங்கிலீஷ் படிப்பார் என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். கையேடு ஆறேழு மொழியில் இருந்தது. தமிழ் அதில் இல்லை. படகு அலையைத் தாண்டியதும் அவர் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொள்கிறவர். தூண்டிலுக்குக் கொண்டுபோகும் சாளைக்குப் படகில் இருந்த மரியாதை அவருக்கு இல்லை, சாளைக்காவது உபயோகம் இருந்தது. சின்னப் படகுக்கு எந்த மாதிரிப் பெட்டி தோது என்று எழுதித் தரும்படி பத்திரிகையிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதற்கு வருவோம்.

முதலில் பொருத்துகிற கூத்தைப் பார்த்துவிடலாம். திரையை எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். சிக்கல் சென்சாரில். பெட்டியில் டிரான்ஸ்டியூசர் என்று அச்சடித்திருக்கும் அந்தக் கையளவுக் கறுப்புச் சாமான்தான் கீழே ஒலியை அனுப்பி, அடியில் பட்டுத் திரும்புவதைக் கேட்கிறது. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். 20 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப, ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்குகூட ஆகாது. இவ்வளவு வேகமான ஒலியை ஒரு காற்றுக்குமிழி நிறுத்திவிடும். ஆகவே புரொப்பல்லர் நுரையிலிருந்து விலகி, பின்பலகையின் கீழ்விளிம்பில், தண்ணீர் கலங்காமல் ஓடும் இடத்தில் பொருத்துங்கள் என்கிறது கையேடு.

கையேடு எழுதியவர் எங்கோ ஒரு ஏரியில், பலகைத் துறையில் படகைக் கட்டிப் பழகியவராக இருக்க வேண்டும். இங்கே படகு அலைமேல் ஏறித்தான் வெளியே போகிறது. திரும்பும்போது அலையோடு வந்து மணலில் முட்டுகிறது. பிறகு ஆட்கள் தள்ள, டிராக்டர் இழுக்க மேலே போகிறது. பின்பலகைக்குக் கீழே துருத்திக்கொண்டு நிற்கும் எந்தச் சாமானும் முதல் நாளே மணலுக்குக் காணிக்கை.

கரையில் உடனே ஒரு கமிட்டி கூடிவிட்டது. அடியில் ஓட்டை போட்டு இறக்கிவிடலாம் என்றார் ஒருவர். படகு அவருடையது அல்ல. உள்பக்கமாக அடியிலேயே எபாக்சி போட்டு ஒட்டிவிடலாம், ஃபைபரை ஊடுருவி ஒலி போகும் என்றார் இன்னொருவர். அது உண்மை. ஆனால் ஃபைபர் கெட்டியாக, ஒரே கட்டாக இருக்க வேண்டும். நடுவில் மரமோ ஃபோமோ வைத்திருந்தால் அதில் அடைந்திருக்கும் காற்று ஒலியைத் தின்றுவிடும். ஒட்டும் பசையில் ஒரு குமிழி சிக்கினாலும் அதே கதிதான். அடியில் என்ன வைத்துக் கட்டினீர்கள் என்று யார்டுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். "எல்லாம் நல்ல சாமான்தான்" என்று பதில் வந்தது. கடைசியில் ஒரு இரும்புக் குழாயின் நுனியில் சென்சாரைக் கட்டி, படகின் ஓரத்தில் கிளாம்ப் போட்டு, கடலுக்குள் போனதும் இறக்குவது, திரும்பும்போது தூக்குவது என்று முடிவாயிற்று. படகு வேகமெடுத்தால் குழாய் நடுங்கும், தூக்கிவிட வேண்டும். ஆக, மீன் தேடும் கருவி வேலை செய்ய வேண்டுமானால் படகு தேடிப் போகக் கூடாது.

கையால் சுண்டி ஸ்டார்ட் செய்யும் எஞ்சினுக்குப் பேட்டரி தேவையில்லை. இந்தப் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டும். எனவே படகில் ஒரு பேட்டரியும் ஏறியது. அது தினமும் கரைக்கு வந்து, வீட்டுக்குப் போய், சார்ஜ் ஏறி, மறுநாள் தோளில் உட்கார்ந்து வருகிறது. படகில் நோகாமல் போய்வருகிற ஒரே ஆள் அதுதான்.

இந்தக் கருவியின் பிறப்பைச் சொன்னால் கரையில் நம்ப மாட்டார்கள். ஜப்பானில் நாகசாகி வட்டாரத்தில் படகுகளுக்கு மின்வேலை பார்த்துவந்தவர்கள் ஃபுருனோ சகோதரர்கள். மீன்கூட்டம் இருக்கும் இடத்தில் குமிழி மேலே வரும் என்று ஒரு அனுபவசாலி மீனவர் சொன்னதைக் கேட்டுத்தான், ஒலியை அனுப்பி அதைப் பிடிக்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியது. 1948இல் கருவி விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பே 1935இல் நார்வேயின் ஆஸ்கர் சுண்ட், காட் மீன்கூட்டத்தின் எதிரொலிப் பதிவை வெளியிட்டிருந்தார். ஆனால் சின்னப் படகுக்காரனின் பெட்டி ஒரு பழைய மீனவரின் வாய்ச்சொல்லில் பிறந்தது. இன்றைக்கு அதே பெட்டியை மாட்டிக்கொண்டு போகும் படகில், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் யாரும் வாயைத் திறந்து ஒன்றும் கேட்பதில்லை.

சரி, எந்தப் பெட்டி வாங்கலாம் என்ற விஷயம். அதற்கு முன்னால் அந்த மீன் பொம்மையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எதிரொலி தன்பாட்டுக்கு வந்தால் திரையில் கோடும் வளைவும் கறையுமாகத் தெரியும். அதைப் படிக்கக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். வாங்குகிறவருக்கு அந்தச் சிரமம் எதற்கு என்று கம்பெனிக்காரர்கள், எதிரொலி வந்த இடத்தில் பெட்டியே ஒரு மீன் படத்தைப் போட்டுவிடும்படி செய்திருக்கிறார்கள். எல்லா மீனுக்கும் ஒரே முகம், ஒரே துடுப்பு, ரேஷன் கடைப் புழுங்கலரிசி மாதிரி பார்ப்பவர் எல்லோருக்கும் ஒரே தரம். கீழே போனது விளமீனா, கலவாயா, சங்கராவா, பாறையா? பொம்மை. மத்திக் கூட்டமா? பொம்மை. மிதந்துபோன பாசிக்கொத்தா? பொம்மை. முன்னால் போன படகு கிளப்பிவிட்ட குமிழியா? பொம்மை, அதுவும் கூட்டமாக. நாம் இறக்கிய ஈயக்குண்டு கீழே போகும்போது அதற்கும் ஒரு பொம்மை. செடியும் குமிழியும் மீனாகத் தெரியலாம் என்று கையேடே பின்பக்கத்தில், சின்ன எழுத்தில் சொல்லிவிடுகிறது. முன்பக்க அட்டைப் படத்தில் அது இல்லை.

பொம்மையிலும் சின்னது, நடுத்தரம், பெரியது என்று சைஸ் உண்டு. அது எதிரொலியின் பலத்தை வைத்துப் போடுவது, மீனை அளந்து போடுவதல்ல. பக்கத்தில் ஒரு எண் வரும். படகுக்காரரின் மருமகன் அதைப் பார்த்து, "மாமா, பதினாலு கிலோ!" என்றான். அது ஆழம், 14 மீட்டர். கிலோ என்று நினைப்பதில் தப்பில்லை. மீனுக்குப் பக்கத்தில் எண் எழுதியிருந்தால் உலகம் முழுக்க ஏலக்கூடத்தில் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். பொம்மை வரும்போதெல்லாம் "பீப்" என்றும் ஒரு சத்தம். வஞ்சிரத்துக்கும் பீப், பாலித்தீன் பைக்கும் பீப். தூண்டில் போட்ட யாருக்கும் ஒன்றும் மாட்டாமல், மேலே வெயில் ஏற, பெட்டி மட்டும் பீப் பீப் என்று அபார வேட்டை ஆடியது. அமெரிக்கர்கள் வரைந்தாலும் சீனர்கள் வரைந்தாலும் அந்தப் பொம்மை மீன் குண்டாகவே இருக்கிறது. வாளை என்று ஒரு நீளமான மீன் உலகில் உண்டு, திருக்கை என்று ஒரு தட்டையான மீன் உண்டு என்பதெல்லாம் அதை வரைந்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

திருக்கையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம். மீனிலிருந்து வரும் எதிரொலியில் பெரும்பங்கு அதன் சதையிலிருந்து வருவதில்லை. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து வருகிறது. திருக்கைக்கும் சுறாவுக்கும் காற்றுப்பை கிடையாது. சந்தையில் நல்ல விலை போகும் சுறா கீழே ஊர்வலம் போனாலும் பெட்டி அரைமனதாகத்தான் கண்டுகொள்ளும். ஒன்றை யோசித்துப் பார்க்கலாம்: பொருத்தும்போது ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது என்று உயிரை வாங்கிய கருவி, பொருத்தி முடித்ததும் தேடுவது மீன் வயிற்றுக் குமிழியை.

கருவி இப்படிக் குழம்புவது புதிதல்ல. 1942இல் கலிபோர்னியாவுக்கு அப்பால் அமெரிக்கக் கடற்படைக்காக ஒலிச்சோதனை செய்தவர்கள், சில நூறு மீட்டர் ஆழத்தில் கடலடி மாதிரி ஒன்றைக் கண்டார்கள். உண்மையான அடியோ அதற்கு வெகு கீழே. அந்தப் போலி அடி ராத்திரியானால் மேலே ஏறியது. அது உயிர்க்கூட்டம், இருட்டியதும் மேலே வந்துவிட்டு விடியலில் இறங்குகிறது என்பதை 1945இல் மார்ட்டின் ஜான்சன் என்ற உயிரியலாளர் தெளிவுபடுத்தினார். கடற்படையின் கருவி குழம்பியபோது விஞ்ஞானம் ஒரு படி ஏறியது. நம் படகில் அதே குழப்பத்துக்கு மீன் பொம்மை போட்டு பீப் அடிக்கிறார்கள்.

இதைவிட மோசம், திரை காட்டுவதில் பெரும்பகுதி இப்போது நடப்பதல்ல. வலது ஓரத்தில் வரும் ஒரு கோடுதான் இந்த நிமிஷம். மற்றதெல்லாம் இடது பக்கமாக நகர்ந்துபோகும் பழங்கதை. படகு ஓடும்போது மீன், சென்சாரிலிருந்து கீழே விரிந்துபோகும் ஒலிக்கூம்பின் ஓரத்தில் நுழைந்து, நடுவுக்கு வந்து, மறு ஓரத்தில் வெளியேறினால் தூரம் குறைந்து கூடும். அதுதான் திரையில் வில்லாக வளைகிறது. படகு நின்றிருக்கும்போது கீழே ஒரே மீன் நகராமல் கிடந்தால் நீளமாக ஒரு கோடு இழுக்கும். மருமகன் அதைப் பார்த்து, "பாம்பு மாதிரி ஒண்ணு கெடக்கு" என்று கையை எடுத்துக்கொண்டான்.

அந்தக் கூம்பின் அகலத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் சாதாரண சென்சாரின் கூம்பு ஏறத்தாழ 20 டிகிரி. 20 மீட்டர் ஆழத்தில் அது பார்ப்பது 7 மீட்டர் அகல வட்டம். படகின் நீளத்தைவிட அது சின்னது. மன்னார் வளைகுடாவில் படகுக்கு நேர் கீழே மட்டும் பார்க்கும் இந்தக் கருவியை மூன்று பேர் குனிந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிடு தூரத்தில் ஆலாக்கள் கூட்டமாக வந்து தண்ணீரைக் குத்திக்கொண்டிருந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் இருமிப் பார்த்தார். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. "அந்தா பறவ விழுது" என்று வாயைத் திறந்தும் சொன்னார். "இருங்க தாத்தா, கீழ ஒண்ணு வருது" என்றான் மருமகன்.

மேலிருந்து மீன் தேடுகிறவர்களும் உண்டு. ஹைதராபாத்திலிருக்கும் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதி என்று அறிவிப்புக் கொடுக்கிறது. வானத்தில் இருந்து பார்க்கிறவர்கள் 'வாய்ப்பு' என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். தண்ணீருக்குள்ளேயே முகத்தை வைத்திருக்கும் பெட்டிக்கு அந்த அடக்கம் வரவில்லை.

பெரியவர் கடைசியில் தானே எழுந்து, குண்டு கட்டிய கயிற்றை இறக்கினார். கையை விரித்து விரித்து இழுத்து அளந்தார். "பதினோரு பாகம். பாரு இல்ல, மணலு" என்றார். திரையில் 20.1 மீட்டர். ஒரு பாகம் ஆறடி, கணக்கு அச்சாகப் பொருந்தியது. பார் என்பது கடலடிப் பாறைத்திட்டு. இந்தக் கடலடியில் தொலையாயிரம் பார் என்பதுபோல ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்து, முத்துக் குளித்து, வரி கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். அப்போது பேட்டரி கிடையாது.

பெட்டியின் பக்கம் நியாயமும் உண்டு. அடியைக் காட்டுவதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சேறாக இருந்தால் அடிக்கோடு மங்கலாக வரும். பாராக இருந்தால் பளிச்சென்று விழும். ஒலி அடிக்கும் மேல்மட்டத்துக்கும் இன்னொரு முறை போய்வந்து, சரியாக இரண்டு மடங்கு ஆழத்தில் இரண்டாவது கோடும் விழும். பாரைக் கண்டால் மீன் இருக்கும் இடத்தை ஊகிக்கலாம். படகுக்காரர் இதைத் தானாகவே பிடித்துக்கொண்டுவிட்டார். இப்போது மீன் பொம்மையை அணைத்துவிட்டு, அடிக்கோட்டை மட்டும் பார்த்து, பாரின் ஓரத்தில் நங்கூரம் போடுகிறார். ஆழம் பார்க்கும் பெட்டி என்று விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பதற்காக மீன் காட்டும் பெட்டி என்று விற்கிறார்கள். ஏமாற்றியது பெட்டியல்ல, அட்டைப் படம்.

வாங்கத்தான் போகிறோம் என்கிறவர்களுக்குச் சில வார்த்தை. பீப் சத்தத்தை முதல் நாளே அணைத்துவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் மனிதர்தான். சிவப்பு வயரில் கையேடு சொல்லும் அளவுக்கு ஒரு பியூஸ் கட்டாயம் போடுங்கள். சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருக வேண்டாம். படகைத் தண்ணீரிலேயே போட்டுவைப்பவர்கள் சென்சாரில் கொட்டலசு பிடிக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். பிடித்தால் எதிரொலி மங்கும். பெட்ரோலில் நனைத்த துணியால் சென்சாரைத் துடைக்கவே கூடாது, பிளாஸ்டிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.